அழ ஒரு ஆள்

"வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்த மனுஷன் மூச்சு நிக்காம இருந்தாப் போதும்" என்றாள் நிருபர், ஆஸ்பத்திரிக்குப் போட்ட போனை வைத்துவிட்டு.

சேனலின் வீடியோ எடிட்டர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். ஆலை முதலாளிக்காக இப்படி உருகுகிறாளே! ஒரு வாரமாகத் தினமும் இரண்டு வேளை விசாரிக்கிறாள். காய்ச்சல் குறைந்ததா, கண் திறந்தாரா என்று. அவருடைய சொந்த மருமகள்கூட அவ்வளவு கேட்டிருக்க மாட்டாள்.

"என்ன விஷயம்? உயில்ல உன் பேரும் இருக்கா?"

"உன் வாயைக் கழுவு. வெள்ளிக்கிழமை அவரைப் பத்தி என் படம் போகுது. நாலு பேருக்குத்தான் தெரியும், நீ அஞ்சாவது. அதுக்குள்ள அவர் போயிட்டா படமும் கூடவே போயிடும். செத்தவரைப் பத்தி யாராவது தப்பாப் போடுவாங்களா?"

மூன்று வருஷ உழைப்பு அது. அந்த ஆலையின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய ஐந்து பேர் விஷவாயுவில் செத்துப்போனார்கள். 'குடித்துவிட்டு இறங்கினார்கள்' என்று ஒரே வரியில் கையைக் கழுவியது நிர்வாகம். மந்திரிகளே எழுந்து நின்று பேசுகிற ஆள், யார் எதிர்த்துக் கேட்பது?

இவள்தான் கேட்டாள். பிரேதப் பரிசோதனை அறிக்கையைத் தேடிப் பிடித்தாள். ஐந்து பேர் உடம்பிலும் ஒரு சொட்டு மது இல்லை.

அதில் ஒரு பையனின் அம்மா கேமரா முன்னால் உட்கார்ந்து நாலு நிமிஷம் வாய்விட்டு அழுதாள்.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம், கண்ணு. எம் பிள்ளை குடிக்கலைன்னு டிவில ஒரு தடவை சொல்லிடு. தெருவுல இன்னும் என்னைக் குடிகாரன் அம்மான்னுதான் சொல்றாங்க."

"கண்டிப்பா சொல்றேம்மா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குப் பாக்க முடியலைன்னாலும், மறுநாள் காலையில ஒன்பது மணிக்குத் திரும்பப் போடுவோம்."

புதன்கிழமை மத்தியானமே முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார்.

செய்தி ஆசிரியர் அவளைக் கூப்பிட்டார். "ஏழு மணிக்கு அரை மணி நேரம் அஞ்சலி. வழக்கம்போல காலையில ஒன்பதுக்குத் திரும்பவும் போகும். நீதான் பண்ணணும்."

"சார், நம்ம படம்?"

"இப்பப் போட்டா ஊரே காறித் துப்பும். ஒரு மாசம் போகட்டும், பாக்கலாம்."

அவர் எத்தனை பேரிடம் 'பாக்கலாம்' சொல்லியிருக்கிறார் என்று அவளுக்குத் தெரியாதா?

"ஆலை, புகைபோக்கி, மெஷின் எல்லாம் நீதான் எடுத்து வெச்சிருக்க. மியூசிக்கை மாத்து, வார்த்தையை மாத்து. முடிஞ்சுது வேலை."

முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாளைக்கும் இதே ஆபீசுக்குத்தானே வர வேண்டும்? பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து, ஆயிரம் குடும்பங்களை வாழவைத்த வள்ளல் என்று எழுதினாள். எழுத எழுத அவள்மேல் அவளுக்கே எரிச்சல் வந்தது.

ஆறரைக்கு எடிட்டர் தலையை நீட்டினான்.

"அழற ஷாட் ஒண்ணுகூட இல்ல. மூணு மணி நேரமா நம்ம கேமரா அவர் வீட்டு வாசல்லயே நிக்குது. கார்ல வர்றாங்க, மாலையப் போடறாங்க, போனைப் பாத்துக்கிட்டே போறாங்க. ஒருத்தர் கண்ணுலயும் பொட்டுத் தண்ணி இல்ல!"

"என் ஃபோல்டர்ல பாரு. ஏதாவது இருக்கும்" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல். கடைசி வரி சரியாக வரவில்லை என்ற கவலை அவளுக்கு.

ஏழு மணிக்கு அஞ்சலி ஆரம்பித்தது. பாதியில் எதற்கோ நிமிர்ந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

திரை முழுக்க அந்த அம்மாவின் முகம். குரலை எடுத்துவிட்டு வயலினைப் போட்டிருந்தார்கள். கீழே கொட்டை எழுத்தில்: 'முதலாளி மறைவு. கதறும் தொழிலாளர் குடும்பம்.'

எடிட்டிங் அறைக்கு ஓடினாள். "ஐயோ, இதை ஏன்டா எடுத்த?"

"நீதானே உன் ஃபோல்டர்ல பாக்கச் சொன்ன? நல்லாத்தானே இருக்கு?"

யாரைத் திட்டுவது? கையில் இருந்த போன் அடித்தது. அந்த அம்மாதான்.

"கண்ணு! நான் பெருக்கித் துடைக்கிற ஆபீஸ்ல ஒரு டிவி இருக்கு. எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க, நான் மட்டும்தான். திடீர்னு என் மூஞ்சி வந்துச்சு! சத்தம் எப்படி வைக்கிறதுன்னு தெரியல. வெள்ளிக்கிழமைன்னு சொல்லிட்டு இன்னிக்கே போட்டுட்டியே!"

"அம்மா..."

"கீழ பெருசா எழுதியிருந்துச்சு. எனக்கு எங்க படிக்கத் தெரியும்? என்ன கண்ணு போட்டிருந்தீங்க?"

மூன்று வருஷமாக அந்த ஒரு வரிக்காகக் காத்திருந்தவள், அந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். உண்மையைச் சொல்ல நிருபருக்கு நாக்கு எழவில்லை.

"உங்க பையன் குடிக்கலைன்னு போட்டிருந்தோம், அம்மா."

போனில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"இது போதும். நீ நல்லா இருக்கணும், கண்ணு. காலையில ஒன்பது மணிக்குத் திரும்பப் போடுவேன்னு சொன்னியே... தெருவையே கூப்பிட்டு டிவி முன்னாடி உக்கார வெச்சுடறேன்."