சிவப்பு வந்தால் வேண்டாம்

பட்டர் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே சிவப்பு ரோஜா.

சிங்காரவேலு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். நன்றாகவே தொங்கப் போட்டார். செஞ்சிக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருப்பவருக்கு முகத்தை வேண்டியபடி மாற்றத் தெரியாதா என்ன!

"இன்னா சாமி பண்றது, பெருமாளே வேணாம்னுட்டாரு," என்றார்.

உள்ளுக்குள்ளே அப்பாடா என்று இருந்தது.

வெள்ளை வந்தால் கார் வாங்குவது, சிவப்பு வந்தால் விட்டுவிடுவது என்று பேச்சு. சிங்கவரம் ரங்கநாதர் காலடியில் வைத்த இரண்டு பொட்டலத்தில், பட்டர் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தது இது. இதற்கு மேல் யார் என்ன பேச முடியும்?

கார் மலையடிவாரத்தில் நின்றது. புதுச்சேரியை விட்டுச் சொந்த நாட்டுக்குத் திரும்புகிற பிரெஞ்சு டாக்டர் ஒருவருடையது. மேலே கூரை கிடையாது, இரண்டே சீட்டு, ரேஸ் கார். வயதான வண்டிதான். காலையில் தள்ளிவிட்டால்தான் கிளம்பும், கிளம்பிவிட்டால் நிறுத்துவது கஷ்டம். டாக்டரின் டிரைவர் கன்னியப்பன் அதற்குள் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. அன்றைக்கு மட்டும் ஓட்டலாம் என்று சிங்காரவேலு ஆசைப்பட்டார். ஆசைப்பட்டவர் சும்மா இருந்தாரா? கடைத்தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தார். டாக்டரிடம் வாக்கும் கொடுத்துவிட்டார். கார் வருவதற்கு முன்பே அவருக்கு ரேஸ்கார் முதலாளி என்று பேர் வந்துவிட்டது.

வீட்டில் மனைவி ஞானம்பாள் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் எப்போது சொல்லியிருக்கிறாள்?

போன ஞாயிறு திண்டிவனம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தார். எதிரே ஒரு லாரி வந்தது. சிங்காரவேலு ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

பக்கத்தில் இருந்த கன்னியப்பன் எட்டிப் பிடித்துத் திருப்பியதால் பிழைத்தார்கள். வெளியே மூச்சு விடாதே என்று அவனிடம் கெஞ்சினார்.

அன்றிலிருந்து கடை வாசலில் லாரி ஹாரன் கேட்டாலே கல்லாவுக்குப் பின்னால் குனிந்துகொண்டார். புலிவாலைப் பிடித்த கதைதான். காரில் ஏறினால் உயிர் போகும், ஏறமாட்டேன் என்றால் மானம் போகும். வாக்குத் தவறியவன், பயந்தாங்கொள்ளி என்று இரண்டு பட்டப்பெயரையும் வாங்கிக்கொண்டு கல்லாவில் எப்படி உட்காருவது?

அப்போதுதான் பூக்கட்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது. சாமி உத்தரவு கொடுக்கவில்லை என்றால் டாக்டரும் கேட்கமாட்டார், ஊரும் கேட்காது. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாது.

சாமி மேல் பாரத்தைப் போட்டவர் அதோடு விட்டிருக்கலாம். விடியற்காலையில் தானே கொல்லைக்குப் போனார், தானே பறித்தார், தானே வாழையிலையில் மடித்து நூல் சுற்றினார்.

இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு ரோஜா.

இப்போது படியிறங்கும்போது உடம்பு காற்றாக இருந்தது. ஒரு வாரமாக இறங்காத சோறு இன்று இறங்கும் என்று தோன்றியது. சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். பெருமாளை ஏமாற்றியது மட்டும்தான் கொஞ்சம் உறுத்தியது. கோயில் மடைப்பள்ளிக்கு ஒரு பித்தளை அண்டா கொடுத்துச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டார்.

பின்னால் வந்த ஞானம்பாள் நின்றுவிட்டாள். பட்டர் துளசியோடு திருப்பிக் கொடுத்த இன்னொரு பொட்டலம் அவள் கையில் இருந்தது. சாமி காலடியில் இருந்த பூ. தலையில் வைக்காமல் விடுவாளா? நூலைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

சிங்காரவேலுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அத்தப் பிரிக்காத! வூட்டுக்குப் போயி பாத்துக்கலாம்!"

சொல்லிக்கொண்டே இறங்கிய படிகளில் திரும்ப ஏறி ஓடினார். லாரிக்குப் பயந்தவர் மூச்சிரைக்க ஓடினார்.

அதற்குள் இலை விரிந்துவிட்டது.

உள்ளே ஒரு துண்டு மல்லிகைச் சரம். நல்ல வெள்ளை. இத்தனை நேரமாக அதன் வாசனைகூட அவருக்குத் தெரியவில்லை.

அப்படியே நின்றுவிட்டார். கொல்லையில் இருப்பது ஒரே ரோஜாச் செடி. அதில் ஒரே காலையில் இரண்டு பூ காணாமல் போனால், தினமும் அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறவளுக்குத் தெரியாமலா போகும்? ஒரு பொட்டலத்தை அவிழ்த்து மாற்றிக் கட்டியிருக்கிறாள்.

பட்டர் கை கொஞ்சம் தள்ளிப் போயிருந்தால்?

நினைத்துப் பார்த்தார். படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆனால் கை தள்ளிப் போகவில்லை. அப்படியானால் பெருமாள் நிஜமாகவே வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறார். யாரும் அவரை ஏமாற்றவில்லை. திருட்டு நிம்மதி போய் நல்ல நிம்மதியே வந்துவிட்டது. சிங்காரவேலுவுக்குக் கண் கலங்கிவிட்டது. தப்பித்தேன் சாமி என்று வாய்விட்டே சொன்னார்.

ஞானம்பாள் மல்லிகையைக் கொண்டையில் செருகிக்கொண்டாள். கீழே நின்ற காரில் டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டு காலியாக இருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நீங்க பாட்டுக்கு ரெண்டுலயும் செவப்பையே வெச்சிக் கட்டிட்டா, என் ஆசைய நான் யாருகிட்டப் போயி கேக்கறதாம்?"