இரைச்சல் நீக்கிய பதிப்பு

“பிள்ளை ஆசையா புதுசு வாங்கிக் கொடுத்திருக்கான். நீங்க என்னடான்னா பழைய கீறல் தட்டைக் கேட்டு வந்து நிக்கறீங்க. நல்லா இருக்கு சார் நியாயம்!”

இசைத்தட்டுக் கடைக்காரருக்கு எரிச்சல். ஷட்டரை முழுசாக ஏற்றுவதற்குள் பெட்டிக்காரர் உள்ளே வந்துவிட்டார்.

பெட்டிக்காரர் என்பது கடைக்காரர் வைத்த பெயர். ஆளுக்கொரு திசையில் ஊத, தாளக்காரன் தனியாக யாரோடோ சண்டை போட, அப்படி ஒரு ஜாஸ் இருக்கிறதே, அவான்ட்-கார்ட் என்பார்கள், அதன்மேல் மனுஷருக்குப் பைத்தியம். அந்தக் காலத்துப் பதிவுகளைத் துடைத்துத் துலக்கி, கனமான அட்டைப் பெட்டியில் போட்டு மறுபடி வெளியிடுவார்கள். வந்த அன்றே வாங்கிவிடுவார்.

அவர் ஒருவரை நம்பிக் கடை நடத்த முடியுமா? பாட லாயக்கில்லாத தட்டுகளைக் கடைக்காரர் சூடாக்கி, மீன், மரம், பூனை என்று வெட்டி, நடுவில் முள் வைத்துச் சுவர்க் கடிகாரமாக்கி விற்றார். பாட்டைவிட அதற்குத்தான் ஆள் வந்தது.

போன மாதம் ஒரு கச்சேரிப் பதிவின் பெட்டி வந்தது. பெட்டிக்காரர் கடையிலேயே ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார். கழற்றி வைத்தார். வாங்காமலே போய்விட்டார்.

‘கஞ்சம்’ என்று நினைத்துக்கொண்டார் கடைக்காரர்.

முந்தாநாள் பெட்டிக்காரர் மகன் வந்தான்.

“அப்பாகிட்ட எல்லாப் பெட்டியும் இருக்கு அங்கிள். அலமாரியில இது ஒண்ணுக்குத்தான் இடம் காலியா கிடக்கு. கொடுங்க. இந்தப் பழைய தட்டை நீங்களே வெச்சுக்குங்க. ஒரே கரகரப்பு. வீட்டுல இருந்தா அவர் இதையேதான் போடுவாரு.”

அந்தப் பழசைத்தான் இப்போது அப்பா கேட்கிறார்.

“புதுசுல என்ன சார் குறை?”

“ரொம்பச் சுத்தமா இருக்கு.”

“அது ஒரு குறையா? சலவைக்காரர்கிட்டயும் இப்படித்தான் சண்டை பிடிப்பீங்களா?”

பெட்டிக்காரர் சிரிக்கவில்லை. “உங்ககிட்ட பிரிச்சது ஒண்ணு இருக்குமே, போடுங்க. கடைசித் தட்டு, கடைசிப் பக்கம்.”

தலையெழுத்தே என்று போட்டார். சாக்ஸபோன் வீறிட்டது. டிரம் உருண்டு உருண்டு வந்து சட்டென நின்றது. நிசப்தம். பெட்டிக்காரர் விரலைத் தூக்கினார்.

“இங்க.”

“இங்க ஒண்ணுமே இல்லையே!”

“அதான். இங்க ஒரு இருமல் இருக்கணும்.”

கடைக்காரர் ஊசியைத் தூக்கிவிட்டு அவரைப் பார்த்தார்.

“அந்தக் கச்சேரிக்கு நான் போயிருந்தேன். வீட்டுக்காரியையும் இழுத்துட்டுப் போனேன். அவளுக்கு உடம்பு சரியில்ல. ஆனா பிடிவாதமா வந்தா. மேடைக்குப் பக்கத்துல உட்கார்ந்திருந்தோம். டிரம் நின்னதும் இருமினா. இருமிட்டு, ‘போலாமா?’ன்னு கேட்டா. ரெண்டும் பதிவாயிடுச்சு. பழைய தட்டுல காதை வெச்சா கேக்கும். புதுசுல இரைச்சல்னு நீக்கிட்டாங்க.”

“அவங்க இப்ப...”

“அந்த வருஷமே போயிட்டா. பையன் தவழ்ந்துட்டிருந்தான். அவ குரல் வேற எதுலயும் இல்ல.”

கடைக்காரர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“தம்பிக்குத் தெரியாதா?”

“இந்தச் சத்தம் கேட்டாலே அவன் கதவைச் சாத்திக்குவான். என்னைக்காவது உட்கார்ந்து கேப்பான், அப்ப சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன்.”

“இப்பவாவது சொல்லலாம்ல?”

“எதை? உங்கம்மா குரலை உன் கையாலயே தூக்கிக் கொடுத்துட்டு வந்தேடான்னா? ஆயுசுக்கும் அழுவான். பெட்டி பிரமாதம்னு சொல்லிட்டேன். அலமாரியில காலியா இருந்த இடத்துல அவனே வெச்சான். அப்படி ஒரு சந்தோஷம் அவன் முகத்துல.” கொஞ்சம் தயங்கினார். “பழசைக் கொடுங்க. அவனுக்குத் தெரியாம எங்கயாவது வெச்சுக்கறேன்.”

கடைக்காரர் தட்டு அடுக்கை இப்படியும் அப்படியும் தள்ளினார். மேஜை இழுப்பறையைத் திறந்தார், மூடினார்.

“வித்துட்டேனே சார்.”

“யாருக்கு?”

“வெளியூர்க்காரர். விலாசம் வாங்கிக்கல.”

பெட்டிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு கேட்டார், “அவர் கேப்பாரா? இல்ல, சும்மா வாங்கிட்டுப் போனாரா?”

“கேப்பாரு சார். இதே கிறுக்குப் பிடிச்ச ஆளு. இங்கயே போட்டுக் கேட்டுட்டுத்தான் எடுத்தாரு. அந்த இருமல் வந்தப்போ...”

“வந்தப்போ?”

“சிரிச்சாரு. ‘யாரோ பாவம், வீட்டுக்குப் போகணும்கறாங்க’ன்னாரு.”

பெட்டிக்காரர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனது. “அப்ப அவருக்குக் கேட்டிருக்கு.”

“நல்லாவே கேட்டிருக்கு.”

“சரி. எங்கயோ ஒரு வீட்டுல அவ பேசிட்டிருக்கா. அது போதும்.”

பெட்டிக்காரர் கிளம்பினார். கடைக்காரரின் தலைக்குமேல் மாட்டியிருந்த பூனைக் கடிகாரத்தில் மணி பார்த்தார். “புதுசா? லட்சணமா இருக்கு. நேரமாச்சு, பையன் தேடுவான்.”

அவர் தெருமுனை திரும்பும்வரை கடைக்காரர் அசையவில்லை. பிறகு முக்காலியில் ஏறிப் பூனையைக் கழற்றினார். முள்ளைப் பிடுங்கி, நடுவில் ஒட்டியிருந்த எண் வட்டத்தை உரித்தார். அடியில் அந்தக் கச்சேரியின் பெயர்.

ஷட்டரை இறக்கிவிட்டு, மூலையில் இருந்த குப்பைக் கூடையைத் தரையில் கவிழ்த்தார். பூனைக்குக் காதும் வாலும் வைக்க நேற்று வெட்டி எறிந்த கறுப்புத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார்.