முகர்ந்து பார்த்த வேர்

தோட்டம் ஒன்றில் வெட்டிவேர்ப் புல் நடப்பட்டது. அது வெட்டிவேர்தானா, வேறு ஏதேனும் புல்லா என்ற ஐயம் தோட்டக்காரருக்குத் தீரவில்லை. வேர் மணந்தால்தானே வெட்டிவேர்? ஆகவே வாரந்தோறும் களைக்கொத்தால் அதைப் பெயர்த்தெடுத்து, வேரை முகர்ந்து பார்த்துவிட்டு, மீண்டும் நட்டார்.

“அண்ணா, ஓராண்டாவது மண்ணுக்குள் கிடந்தால்தான் என் வேர் மணக்கும். அதுவரை மட்டும் என்னை விட்டுவையுங்கள்,” என்று புல் களைக்கொத்திடம் கெஞ்சியது.

“என் பிடி அவர் கையில் இருக்கிறது, தங்கச்சி. நீதான் கொஞ்சம் சீக்கிரம் மணந்து தொலையேன்!”

புல் முயன்றது. நூல்போல் நான்கு வேர்கள் விட்டது. அடுத்த வாரமே அவை அறுந்தன. ஏழாம் முறை பெயர்த்தபோது வேர் முற்றும் காய்ந்திருந்தது. தோட்டக்காரர் முகர்ந்தார்.

“அப்போதே நினைத்தேன், இது வெறும் புல்,” என்று வேலிக்கு அப்பால் எறிந்தார்.

மறுநாள் அதே குழியில் புதிய வெட்டிவேர் நாற்று ஒன்றை நட்டார்.

“அடடா, மண் எவ்வளவு பொலபொலவென்று இருக்கிறது!” என்று அது களைக்கொத்திடம் மகிழ்ந்து சொன்னது. “எனக்காக இவ்வளவு பாடுபட்டுக் கொத்திவைத்தது யார், அண்ணா?”