நான்காவது படிவம்

பாதியில் விட்டுப் போகிறவளை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. படிவத்தை முழுதாக நிரப்பி, 'அனுப்பு' என்பதை அழுத்துகிறவளுக்குத்தான் எண் உண்டு, ஆண்டறிக்கையில் ஒரு வரி உண்டு.

இந்த அநியாயத்துக்கு அன்று முடிவு கட்டிவிட்டதாக மகளிர் உதவி மையத்தின் தலைவி நம்பினார். நம்பியதோடு நிற்காமல் சுவரில் பெரிய திரையை மாட்டி, அதன் முன்னே புரவலர் அம்மையாரை உட்காரவைத்திருந்தார். மையம் இன்னொரு வருடம் நடப்பதும் நடக்காததும் அந்த அம்மையாரின் தலையசைப்பில் இருந்தது.

"பாருங்கம்மா! இதோ, இந்த நிமிஷம், தையல் பயிற்சிப் படிவத்தை யாரோ திறந்திருக்காங்க!"

திரையில் ஒரு பச்சைப் புள்ளி துள்ளியது.

"இன்னொண்ணு! தன்னார்வலர் படிவத்துல!" கணக்காளர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "பேர் போட்டாச்சு... முகவரி போட்டாச்சு... அழுத்தும்மா, அழுத்து! அய்யோ, போயிட்டாளே!"

"எங்க சார் போயிடுவா?" தலைவிக்குச் சிரிப்புத் தாளவில்லை. "பாதியில விட்டவங்க எந்தத் தளத்துக்குப் போனாலும் நம்ம விளம்பரம் பின்னாலயே போகும். 'நீங்க தொடங்கின படிவம் காத்திருக்கு'ன்னு கூப்பிடும். காலையில நானே தையல் படிவத்தைப் பாதி நிரப்பி விட்டு வச்சிருக்கேன், சோதிச்சுப் பார்க்க."

"ஆளைத் துரத்திப் பிடிக்கிறீங்கன்னு சொல்லுங்க," என்றார் புரவலர். பாராட்டாகத்தான் சொன்னார்.

தையல், தன்னார்வலர், நன்கொடை என்று மூன்று கட்டங்களில் எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. நான்காவது கட்டம் உதவி கேட்பவர்களுக்கான படிவம். அது மட்டும் சுழியத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

புரவலரின் விரல் நேரே அங்கேதான் போனது. "இதுக்கு ஆளே வரலையா? இதுக்காகத்தானே மையமே?"

தலைவியின் முகம் சுண்டிப்போனது. மூலையில் மடிக்கணினியோடு இருந்த நிரலாளரிடம் திரும்பினார். புதிதாகச் சேர்ந்த பெண். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

"என்னம்மா இது?"

"அதுல ஆளைப் பின்தொடர்ற டிராக்கிங் நிரலைப் போடலைக்கா."

"நம்ம இணையப் பக்கத்துல போட்டா மட்டும் போதாது, படிவம் வேற கம்பெனியோடது, ஒவ்வொண்ணுக்குள்ளயும் தனியா போடணும்னு எனக்குப் பாடம் நடத்தினது யாரு?"

"நான்தான்க்கா. தெரிஞ்சுதான் அதுல..."

"தெரிஞ்சேவா? மூணுல போட்ட கைக்கு நாலாவதுல சுளுக்கு விழுந்துடுச்சோ?"

கணக்காளர் களுக்கென்று சிரித்தார். விருந்தாளி எதிரில் வசை வாங்குகிறவர் தானில்லை என்கிற நிம்மதி அவருக்கு.

"அக்கா, ஒரு நிமிஷம் நான் சொல்றதை..."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். யாரை எண்ணணும், யாரை விடணும்னு முடிவு பண்ண நீ யாரு? இப்பவே போடு. இல்லேன்னா நாளையிலேருந்து வராதே."

அந்தப் பெண் மடிக்கணினியை மெல்ல மூடினாள். "போட மாட்டேன்க்கா."

அந்த நேரம் பார்த்துத் தலைவியின் கைபேசி அலறியது. கணவர். இருந்த பதற்றத்தில் தலைவியின் விரல் ஒலிபெருக்கியையும் சேர்த்து அழுத்திவிட்டது.

"என்ன மேடம், எனக்குத் தெரியாம தையல் கத்துக்கப் போறீங்களாமே?"

"என்ன உளர்றீங்க?"

"நானா உளர்றேன்? வீட்டு டேப்லெட்ல மேட்ச் பார்த்துட்டிருக்கேன், நடுவுல வந்து நிக்குது, 'நீங்க தொடங்கின தையல் பயிற்சிப் படிவம் காத்திருக்கு'ன்னு! இதுலயும் உன்னோட அக்கவுண்ட்தானே? புருஷன்கிட்ட மறைச்சா இப்படித்தான் மாட்டிப்பே. முதல் சட்டை எனக்குத்தான், சொல்லிட்டேன். ரெண்டு கையும் ஒரே நீளத்துல இருந்தா போதும்."

அறையே குலுங்கிச் சிரித்தது. புரவலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைவியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்தவரின் கண் நான்காவது கட்டத்தில் போய் நின்றது.

அந்தப் படிவத்தின் முதல் கேள்வியை எழுதியவர் அவரேதான்: 'வீட்டில் உங்களை அடிப்பவர் யார்?'

கணவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். தலைவி இணைப்பைத் துண்டித்தார்.

"அப்போ அந்தப் படிவத்தைப் பாதியில விட்டவங்க வீட்டுலயும்..."

"ஆமாக்கா," என்றாள் அந்தப் பெண். "எல்லாப் புருஷனும் சிரிக்க மாட்டான்."

கணக்காளர் சத்தமில்லாமல் உட்கார்ந்தார். தலைவி புரவலரின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, இந்த நாலாவது கட்டத்துல எப்பவும் சுழியம்தான் இருக்கும். அறிக்கையிலயும் பாதியில விட்டவங்க எண்ணிக்கையை அப்படியேதான் போடுவேன். இவ நாளைக்கும் வருவா. இனி இவதான் எனக்குச் சொல்லணும், எதை எண்ணக் கூடாதுன்னு."

புரவலர் சுழியத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை அசைத்தார்.

அன்று காலை அந்தச் சுழியத்துக்குள் ஒருத்தி இருந்தாள். படிவத்தைப் பாதி நிரப்பியபோது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டு மூடிவிட்டாள். கணவன் வழக்கம்போல் அவள் கைபேசியைப் பிடுங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். ஷாம்பு விளம்பரம் வந்தது, மெத்தை விளம்பரம் வந்தது, வேறெதுவும் வரவில்லை. தூக்கி எறிந்துவிட்டுப் போனான். அடுத்த வாரம் அவள் மீதிப் பாதியை நிரப்பி அனுப்பினாள். இப்போது மகளோடு தனி வீட்டில் இருக்கிறாள். மருந்துக்கடை ஒன்றில் வேலை பார்க்கிறாள். அவள் கைபேசியை யாரும் வாங்கிப் பார்ப்பதில்லை.