திரையில் அம்மா

தேவாலயக் கூடத்தில் விளக்கை அணைக்கிறார்கள். அங்கேயே தையல் பழகி வேலைக்குப் போய்விட்டவள், சாட்சி சொல்ல மைக்கைப் பிடித்து நிற்கிறாள். பெற்ற மகளைப்போல அவள் தோளை அணைத்துக்கொண்டு பாஸ்டரம்மா சொல்கிறார்: "இவங்க முன்னாடி எப்படி இருந்தாங்கன்னு பாருங்க. ஜெபிக்கப் போனப்ப எடுத்த படம்." திரையில் வெளிச்சம் விழுகிறது. திரும்பிப் பார்த்தவள் முகத்தில் ஈயாடவில்லை. அவளும் அம்மாவும் இருந்த வீடு. கவிழ்த்த பானை, கிழிந்த பாய், அதில் காய்ச்சலோடு சுருண்டு, தலைவிரிகோலமாய், துணி விலகியதுகூடத் தெரியாமல் தூங்குகிற அம்மா. யாரோ உச்சுக்கொட்டுகிறார்கள். "சொல்லும்மா, கூச்சப்படாதே," என்கிறார் பாஸ்டரம்மா. முன்வரிசையில், அவள் தைத்துக் கொடுத்த புது உடுப்பில் அம்மா. திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், வழித்துச் சீவிய தலையை உள்ளங்கையால் திரும்பத் திரும்பப் படிய வைத்துக்கொண்டிருக்கிறாள்.