பாலத்து முக்கு

கரும்பு டிராக்டர் ஓட்டும் வீரமுத்துவுக்கு இரண்டு டிரெய்லர் இழுத்துத்தான் பழக்கம். பின்டிரெய்லர் கரும்பின்மேல் வெட்டாட்களோடு அவன் பெண்சாதி செங்கமலமும் உட்கார்ந்து வருவாள். முக்கு வந்தால், "அகலமா ஒடிச்சுத் திருப்புய்யா, என்னைக் கொட்டிட்டுப் போயிராத" என்று கத்துவாள். இனி ஒரு டிரெய்லர்தான் என்று உத்தரவு வந்தது. லோடு பாதியானதும் பாதி ஆட்களை வேறு ஊர் ஆலைக்கு அனுப்பினார்கள். அவளும் போனாள்.

பாலத்து முக்கில் அகலமாக ஒடித்துத் திருப்பியவனைப் போலீஸ்காரர் மறித்தார். "ஏன்யா, ஒத்த டிரெய்லருக்கு ரோடு பூரா வேணுமா?"

"ரெண்டு போட மறுபடி எப்ப சார் விடுவாங்க?"

"விட்டா? அம்புட்டு லோடா வச்சிருக்க?"

"லோடுக்குக் கேக்கல சார்."

அவர் கையசைத்ததும் கிளம்பினான். அடுத்த முக்கில் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, இன்னும் அகலமாக ஒடித்தான்.