மதர்போர்டில் ஒரு கறை

"மைலோவக் கொட்டினியா இல்லையா, அத மட்டும் சொல்லு!"

நல்லசாமியின் குரல் கேட்டைத் தாண்டிப் பக்கத்து வீடு வரை போனது. ரப்பர் தோட்டத்தில் இருபது வருடம் மண்டோராக இருந்து ஆட்களை விரட்டி வேலை வாங்கிய குரல். ஓய்வு பெற்று, புஞ்சாக் ஆலாமில் மகன் வீட்டோடு வந்து சேர்ந்த பிறகும் அந்தக் குரலுக்கு மட்டும் ஓய்வு கிடையாது.

"கொட்டல மாமா," என்றாள் மருமகள் நித்தியா.

"பின்ன கம்பியூட்டர் தானா செத்துப் போச்சா? கப்பத் தூக்கி அது தலை மேலயே வைக்கிற, நான் பாத்திருக்கேன். ரிப்பேர்காரரு வரட்டும். உள்ள தண்ணி பட்டிருக்குன்னு மட்டும் சொன்னாரு, அப்புறம் அந்த வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். திங்கக்கிழமை போன் போட்டு வரலன்னு சொல்லிடு. பொறுப்பில்லாத ஆளுக்கு வேலை எதுக்கு?"

நித்தியாவுக்கு அது எட்டு மாதம் அலைந்து கிடைத்த வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம், ஆனால் கம்பியூட்டர் வேண்டும். திங்கட்கிழமை காலை எட்டரைக்கு முதல் நாள். இன்று சனிக்கிழமை. வியாழக்கிழமை சாயங்காலம் இடி மழை விட்டதும் சுவிட்சைப் போட்டபோது 'டப்' என்றது. அவ்வளவுதான், அதற்குப் பிறகு மூச்சே இல்லை.

பத்து மணிக்கு கோல சிலாங்கூரிலிருந்து ரிப்பேர்காரர் சேது வந்து சேர்ந்தார். போனிலேயே மாடலைக் கேட்டுக்கொண்டு, அதற்குப் பொருந்தும் மதர்போர்டு ஒன்றைக் கையோடு கொண்டு வந்திருந்தார். மேசையைத் துடைத்துப் பெட்டியைப் படுக்க வைத்தார். உடம்பில் தேங்கிய மின்சாரம் இறங்க, பெட்டியின் இரும்பைத் தொட்டுக் கொண்டார். பக்கவாட்டு மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார்.

மேலே காற்றுப் போகும் ஓட்டைகளுக்கு நேர் கீழே, ஏதோ வழிந்து காய்ந்த கறை. அது முடிந்த இடத்தில் போர்டு கருகியிருந்தது. விரல் நுனியால் தொட்டு முகர்ந்தார்.

"மதர்போர்டு போயிடுச்சு அங்கிள்."

"எதனால? தண்ணிதானே?"

சேது நிமிர்ந்தார். நல்லசாமியின் முதுகுக்குப் பின்னால் நித்தியா நின்றுகொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கண்ணில் நீர் முட்டி நின்றது. ஊர் உலகத்தில் எத்தனையோ பேர் வீட்டுக் கம்பியூட்டரைத் திறந்து பார்த்தவர் சேது. அப்படிக் கெஞ்சும் முகத்தை இதுவரை பார்த்ததில்லை.

"இடி அங்கிள்," என்றார்.

"இடியா? நான்தான் பிளக்கப் பிடுங்கிட்டேனே!"

"இண்டர்நெட் வயரு இருந்துச்சில்ல? அது வழியாவும் வரும் லா. யாரு மேலயும் தப்பில்ல."

நல்லசாமி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சேதுவின் கைகளையே கவனிக்கத் தொடங்கினார். கவனிக்க வேண்டிய கைகள்தான் அவை. ஒவ்வொரு வயரையும் பிடுங்குமுன் போனில் ஒரு படம். திருகாணிகள் வரிசை மாறாமல் ஒரு டப்பா மூடியில். பிராசசரை ஓரம் பிடித்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு தூக்கினார். அதன் மேல் இருந்த, சூட்டைக் கடத்தும் பழைய பசையை வழித்தார். புதிய போர்டை வைத்து, பிராசசரை அமர்த்தி, ஒரு பட்டாணி அளவு புதுப்பசை இட்டு விசிறியைப் பூட்டினார். கண்ணுக்கே தெரியாத குட்டி வயர்களை ஒரே தடவையில் சரியான ஊசிகளில் சொருகினார்.

சுவிட்சைப் போட்டார். விசிறி சுற்றியது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. நித்தியா முந்தானையைப் பற்றிக்கொண்டாள்.

"பயப்படாத தங்கச்சி. மெமரி சரியா உக்காரல." கழற்றி மறுபடி அழுத்தினார். 'கிளிக்'. திரையில் வெளிச்சம் வந்தது. கொஞ்ச நேரத்தில் நித்தியாவின் கோப்புகள் எல்லாம் போட்டது போட்டபடி வந்து நின்றன.

"கையாய்யா அது!" நல்லசாமி எழுந்தே விட்டார். "முப்பது பேர வச்சு வேலை வாங்கியிருக்கேன். இவ்வளவு சுத்தமா வேலை செய்யறவன நான் கண்டதில்ல." பிறகு, மருமகள் முகத்தைப் பார்க்காமல், "ஏம்மா, அண்ணனுக்கு ஒரு மைலோ போட்டுக் குடு. நீயும் குடி," என்றார். மண்டோர் மன்னிப்புக் கேட்டால் இப்படித்தான் கேட்பார்.

சேது மைலோவைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். நித்தியா கார் வரை வந்தாள்.

"ரொம்ப நன்றி அண்ணே."

"பரவால்ல லா. ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காத. அது மைலோ இல்ல, மஞ்சத் தண்ணி. வாடையே சொல்லுது. சரஸ்வதி பூஜைக்குத் தெளிச்சிருக்க. அடுத்த வருசம் பொட்டு மட்டும் வை. மேல ஓட்டை இருக்கிற பக்கம் தண்ணி தெளிக்காத."

நித்தியா வீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நான் தெளிக்கல அண்ணே. புதன்கிழமை பூஜை நேரத்துல நான் கோலாலம்பூர்ல இண்டர்வியூவுல இருந்தேன். மாமாதான் ஒரு செம்பு நெறைய கரைச்சு, எனக்கு வேலை கெடைக்கணும்னு வேண்டிக்கிட்டுத் தெளிச்சிருக்காரு. சாயங்காலம் வந்து மேசையத் தொடச்சது நான்தான். உள்ள எறங்கியிருக்கும்னு அப்பத் தோணல."

சேது திகைத்துப் போனார். "பின்ன ஏன் தங்கச்சி இவ்வளவு திட்டையும் வாங்கிக்கிட்டு நிக்கிற? உள்ளத சொல்லிட வேண்டியதுதானே?"

"அன்னிக்கே வேலை கெடைச்சிடுச்சு அண்ணே. தன்னோட பூஜைதான் வாங்கிக் குடுத்துச்சுன்னு தோட்டத்து ஆளுங்க ஒருத்தர் விடாம போன் போட்டுச் சொல்லிக்கிட்டிருக்காரு. அவருகிட்ட போயி, அந்தப் பூஜைதான் கம்பியூட்டரக் கொன்னுச்சுன்னு எந்த வாயால சொல்றது?"